தண்ணீருக்குக் காரணம் தெரியாது

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வக்கீல் கேட்டது வேறு. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட வேண்டிய கெடு தாண்டிவிட்டது. ஏன் தாண்டியது என்று நான் ஒரு பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். முதலில் உங்கள் வார்த்தையில் எழுதிக்கொண்டு வாருங்கள், சட்டத்துக்கு ஏற்றபடி நான் மாற்றிக்கொள்கிறேன் என்றார். கதவு வரை வந்து இன்னொன்றும் சொன்னார்.

"நடந்ததை மட்டும் எழுதுங்க. கதை எழுதாதீங்க."

எழுத உட்கார்ந்தேன். வந்தது இது.

வாசிப்பவர் குழம்ப வேண்டாம், எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனு என் மனைவியுடையது. அவள் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வேலையிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பாயத்துக்குப் போனாள். தோற்றாள். தீர்ப்பு வந்ததிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்தத் தொண்ணூறில் பாதிகூட முடியவில்லை, அவள் செத்துப்போனாள். [வக்கீல் அலுவலகத்தில் இதைக் 'காலமானார்' என்று மாற்றினார்கள். காலம் என்ற சொல் அந்தக் காகிதத்தில் ஏற்கெனவே நிறைய வருகிறது. இருக்கட்டும் என்றேன்.]

கெடு முடிந்து பத்தொன்பது நாள் ஆன பிறகுதான், கெடு என்று ஒன்று இருந்ததே எனக்கு நினைவு வந்தது.

அவள் வாரிசாக இப்போது மனுப் போடுவது நான். அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீதிமன்றம் கேட்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் காரணம் வேண்டுமாம். நியாயமான கேள்விதான். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

2

முதல் தொடக்கம்:

'மேற்படி மனுதாரராகிய நான், உளமார உறுதிகூறிச் சொல்வதாவது, மேற்படி என் மனைவி காலமான நாளிலிருந்து மேற்படி நான்—'

மூன்று மேற்படிக்கு மேல் ஏற முடியவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

'அன்று காலை அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.'

இதை எழுதி மாமாவிடம் காட்டினேன். மாமா என் மனைவியின் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் போன நாள் வந்தவர், திரும்பிப் போகவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துணி இல்ல மாப்ள. அன்னிக்குக் கரண்டே கிடையாது, மெஷின் ஓடல. நீங்கதான் எனக்கு போன் பண்ணிச் சொன்னீங்க. ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா, நிமிரலன்னு."

நான்தான் சொன்னேனாம்.

மூன்றாவது தொடக்கம் ஆகவே ஷூ லேஸ். அவள் வக்கீல் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மனு தயாராகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதுவரை நிச்சயம், வக்கீலும் அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் என் உள்ளங்கையில் ஈரத் துணியின் குளிர்ச்சி இருக்கிறது. அது எந்தக் காலையிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. [மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது என்றார் டாக்டர். குனிந்ததாலா என்று கேட்டேன். இல்லை, நிமிர்ந்திருந்தாலும் வெடித்திருக்கும் என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அன்றிலிருந்து நான் குனிவதற்கும் நிமிர்வதற்கும் பயப்படுகிறேன்.]

நான்காவது தொடக்கம் எழுதவில்லை. நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது தொடக்கமே இல்லாத கதை.

3

இப்போது அவளைப் பற்றி.

மனைவியைக் கதாபாத்திரமாக எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல குணமாக எதைச் சொன்னாலும், பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வேறெப்படி எழுதுவான் என்று நீங்கள் தள்ளுபடி செய்துவிடுவீர்கள். ஆகவே குறையிலிருந்து வருகிறேன். அவளால் தாமதமாகப் போக முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் நாற்காலியே போட்டிருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் ஓரமாக நின்று, மேடைக்கு ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பலாமே என்றால், பத்து நிமிஷம் வீட்டில் என்ன செய்வது என்பாள். பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே. அவளுக்கு அதில் வருத்தமில்லை. சுவரில் மாட்டாத வரைக்கும் சரி என்றாள்.

வேலை இப்படி. தெருக் குழாய்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வர ஒரு ஆள் உண்டு. அவருக்கும் பட்டப்பெயர்: 'பாட்டில்'. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கும். எடுத்த நேரத்தை எடுத்தவர் எழுதுவார். பெற்ற நேரத்தைப் பெறுபவர்தான் எழுத வேண்டும். ஒருவர் வரியில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. இரண்டு நேரத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டால் அந்தத் தண்ணீர் செல்லாது. பாட்டிலுக்குள் கிருமி பெருகியிருக்கும், அல்லது செத்திருக்கும். எது என்று சொல்ல முடியாது. சோதித்தால் ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும். ஆனால் அது தெருவைப் பற்றிய விடை அல்ல, பாட்டிலைப் பற்றிய விடை.

அப்படி வந்த பாட்டிலில் அவள் 'ஏற்கவில்லை' என்று எழுதி, கொண்டுவந்தவர் கண்ணெதிரிலேயே தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடுவாள். வைத்திருந்தால் யாராவது அவசரத்துக்குச் சோதித்துவிடுவார்கள் என்ற பயம். அதைச் செய்யச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. அது அவளுடைய பழக்கம்.

ஒரு நாள் பாட்டில் அந்த ஆறு மணி நேரத்தையும் தாண்டி இரண்டு மணி நேரம் பிந்தி வந்தார். வண்டி பஞ்சர், வெயிலில் தள்ளிக்கொண்டே வந்ததாகச் சொன்னார். சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்ததாம். அவள் அவருக்கு மின்விசிறியைத் திருப்பிவைத்தாள். பிறகு அட்டையில் எழுதினாள். அன்று மாலை வீட்டில் என்னிடம் அதை நடித்தே காட்டினாள்.

"பஞ்சர் ஆனது எனக்குத் தெரியும் அண்ணே. தண்ணிக்குத் தெரியாதே. அதுகிட்டப் போய் நாம காரணம் சொல்ல முடியுமா? போய் வேற பிடிச்சிட்டு வாங்க."

சொல்லிவிட்டுக் கொட்டினாள்.

அவர் போனார். வேறு பிடித்துக்கொண்டு வரவில்லை. மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த நாள் அந்தத் தெருவில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில். குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது. யாரும் சாகவில்லை. [இந்த வாக்கியத்தை அவள் எங்கே போனாலும் சொல்வாள், பாதித் தூக்கத்தில்கூட. யாரும் சாகல.]

விசாரணையில் இரண்டு கேள்வி. ஏன் சோதிக்கவில்லை. இருந்த ஒரே ஆதாரத்தை ஏன் கொட்டினாய். வேறு பிடித்துவரச் சொன்னேன் என்றாள். பாட்டிலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அப்படி ஒண்ணும் சொல்லல என்றார். அவருக்கும் வேலை வேண்டும்.

தீர்ப்பாயம் எழுதியது: 'காலக்கெடு என்பது கடமைக்கு உதவத்தான், கடமையை மறுக்க அல்ல. இவர் கடிகாரத்தைப் பார்த்தார். மக்களைப் பார்க்கவில்லை.'

பட்டப்பெயர் தீர்ப்பாயத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தற்செயல்தான். ஆனால் சமைத்துக்கொண்டே தீர்ப்பைப் படித்தவள் அந்த இடத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். எட்டிப் படித்தேன்.

"வேலை போனாப் போகுது," என்றாள். "இந்த ஒரு வரி போகணும்."

இந்தக் கதையில் பணயம் அவ்வளவுதான். ஒரு வரி.

4

அவள் போன பிறகு அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாமா அதை அணைத்து அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டார். என் போனையும் அவரே வாங்கிக்கொண்டார். யார் கூப்பிட்டாலும் மாப்ள தூங்குறார் என்று சொன்னார். நான் தூங்கவில்லை, உட்கார்ந்திருந்தேன். ஆனால் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவரிடம் சொல்ல முடியாது. அப்படியானால் கொடுங்கள், ஒரு வார்த்தை பேசுகிறேன் என்பார்கள்.

ஒரு நாள் காலையில் மாமாவுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட அவளுடைய படம் ஒன்று வேண்டியிருந்தது. அவள் போனில் நல்லதாக ஒன்று இருக்கும் என்றேன். எடுத்து, மின்சாரத்தில் மாட்டி, அமுக்கினார். திரை வெளிச்சமாகிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மணி அடித்தது.

மாமா காதில் வைத்து, "ஹலோ" என்றார்.

அது அழைப்பு அல்ல. அவள் தனக்குத்தானே குறித்துவைத்த நினைவூட்டல். அணைந்து கிடந்த நாட்களில் வர வேண்டியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, எழுத்தை நான் பிறகுதான் படித்தேன். 'இன்னும் முப்பது நாள்.' மணி. 'இன்னும் பத்து. வக்கீலுக்கு போன் பண்ணு.' மணி. 'இன்னும் மூணு. கோர்ட் லீவு இருக்கான்னு பாரு.' மணி. 'நாளைக்கு.' மணி. 'இன்னிக்குக் கடைசி.'

இன்னிக்குக் கடைசி என்ற இன்றைக்கு முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

மாமா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர் போலவே நின்றார். நான் அவர் கையிலிருந்து வாங்கினேன். இந்த இடத்தில் நான் என்ன உணர்ந்தேன் என்று எழுத வேண்டும். கதை என்றால் அதுதான் முறை. இரண்டு தாள் கிழித்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது இது மட்டும்: அலமாரிக் கதவு திறந்திருந்தது, அதை மூட வேண்டும் என்று நினைத்தேன், மூடினேன், மறுபடியும் திறந்துபார்த்தேன்.

5

வக்கீல் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில். அன்றே போனோம். குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து அவளுடைய வழக்குக் கட்டை எடுத்தார். மற்றக் கட்டுகள் எல்லாம் பெயர் வெளியே தெரிய அடுக்கியிருந்தன. இது மட்டும் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

அது அந்த அலுவலகத்தின் வழக்கமாம். கட்சிக்காரர் இறந்துவிட்டால் கட்டைத் திருப்பிவைப்பார்கள். வீட்டார் துக்கம் ஆறி அவர்களாக வரும் வரை யாரும் தொடுவதில்லை. சாவு வீட்டுக்கு வழக்குக் கட்டோடு போகக் கூடாது. வக்கீலோ, குடும்பத்தார் வழக்கை விட்டுவிட்டார்கள் போல என்று எடுத்துக்கொண்டார். அவர் மேல் வேறு வழக்குகளின் பாரம்.

குமாஸ்தா ஒரே ஒரு தடவை மட்டும் மனசு கேட்காமல் கூப்பிட்டிருக்கிறார். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது. போனை எடுத்தது மாமா.

"தூங்குறார்னு சொன்னாங்க தம்பி. சரி, சும்மாதான் கூப்பிட்டேன்னு வெச்சுட்டேன். தேதியைச் சொல்ல நாக்கு எழல."

மாமா என் பக்கத்தில் நின்றிருந்தார். "நீங்க விஷயத்தைச் சொல்லியிருந்தா நான் எழுப்பியிருப்பேனே," என்றார்.

"எழுப்புவீங்கன்னுதான் சொல்லல," என்றார் குமாஸ்தா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபமில்லை. சொந்தக்காரர்கள் போல இருந்தது.

[இந்தக் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று நான் நிறையத் தேடினேன். குமாஸ்தாவுக்கு ஒரு சிடுமூஞ்சித்தனம் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மாமாவுக்கு ஒரு சுயநலம் கொடுத்தேன், அதை அவர் அன்றே படித்துவிட்டு, பரவாயில்ல மாப்ள, கதைக்கு வேணும்னா வெச்சுக்கோங்க என்றார். அடித்துவிட்டேன். எல்லாரும் நல்லவர்கள். நடுவில் ஈவிரக்கமில்லாத ஒரு ஆள் இருந்திருந்தால் கெடு தப்பியிருக்கும். வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டியிருப்பான். யோவ், செத்தவ செத்துட்டா, நீ வந்து கையெழுத்துப் போடு என்றிருப்பான். அவன் காலில் விழுந்திருப்பேன்.]

6

நான் எழுதிக்கொடுத்ததை வைத்து வக்கீல் ஆறு பத்தி தயாரித்தார். அவர் கெட்டிக்காரப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது பெரியவர், பேசும்போது பேனா மூடியை மாட்டிக் கழற்றி மாட்டுவார். ஆறு பத்தியும் நடந்தவை. ஏழாவது பத்தி சட்டம். அதை அவரே வாய்விட்டுப் படித்துக்காட்டினார்.

'காலக்கெடு என்பது நீதிக்கு உதவத்தான். நீதியை மறுக்க அல்ல. தாமதமாக வந்தது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையைச் சோதிக்காமலே திருப்பி அனுப்பக் கூடாது.'

நல்லா இருக்கு என்று மாமா சொன்னார். நான் தாளை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன்.

"மேடம், இது அவங்க எழுதினது."

"யாரு?"

"தீர்ப்பாயம். அதுல கடமைன்னு இருக்கு. இதுல நீதின்னு இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் தீர்ப்பை எடுத்துப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். பேனா மூடி கையிலேயே இருந்தது. அறை மூலையில் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா நிறுத்திவிட்டார். வாசிப்பவரே, அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று புரிந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாக இருக்கும். சொல்லிவிடுகிறேன். தாமதமாக வந்ததை ஏற்க மாட்டேன் என்று சொன்னதற்காக அவளுக்கு வேலை போனது. அவள் பெயரைக் காப்பாற்ற, தாமதமாக வந்ததை ஏற்றுக்கொள் என்று நான் கேட்க வேண்டும். ஏழாவது பத்தியின் கீழே கையெழுத்துப் போட்டால், அவள் கொட்டியது தப்பு என்று நானே சத்தியம் செய்கிறேன்.

எதிர்த்தரப்பு இதைக் கவனிக்காதா என்று கேட்டேன். கவனித்தால் நல்லது என்றார் வக்கீல். அவர்கள் இதையே சொல்லித்தான் ஜெயித்தார்கள், எந்த வாயால் எதிர்ப்பார்கள். இந்த யோசனை அவருக்கே பிடித்துப்போய், கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்றேன்.

"எல்லாத் தாமத மனுவிலயும் இந்தப் பத்தி இருக்கும். இது இல்லாம உள்ள போன மனுவை நான் பாத்ததில்ல," என்றார். "எடுத்துட்டா வாசலோட சரி. அந்த வரி அப்படியே நிக்கும். உங்க மனைவியோட கொள்கையைக் காப்பாத்த அவங்க பேரை விட்டுடப் போறீங்களா?"

இதற்கு ஒரு பதில் எழுத ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

(

)

இவ்வளவுதான் வந்தது.

7

இடையில் ஒரு நாள் முழுவதும் நான் நிம்மதியாக இருந்தேன். காரணம், ஒரு வாதம் கிடைத்தது. தண்ணீர் வேறு, காகிதம் வேறு. தண்ணீர் நேரத்தால் மாறும். காகிதம் அலமாரியில் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் கிடந்தாலும் அதே காகிதம்தான். மனுவில் ஒரு எழுத்துகூடப் பெருகவில்லை, சாகவில்லை. தவிர, தண்ணீரிடம் காரணம் சொல்ல முடியாது, நீதிபதியிடம் சொல்லலாம். அவருக்குக் காது உண்டு. பஞ்சர் என்றால் அவருக்குப் புரியும். ஆகவே அவளும் சரி, நானும் சரி. வக்கீலிடம் தொலைபேசியில் சொன்னேன். அட, இதையே எட்டாவது பத்தியாகப் போட்டுவிடலாம் என்றார்.

அன்று மாலை மாமா ஆறு பத்தியையும் படித்தார். நான்காவது பத்தியில் விரலை வைத்தார். 'மேற்படி நாட்களில் மனுதாரர் படுக்கையை விட்டு எழ இயலாத நிலையில் இருந்தார்.'

"எழுந்தீங்களே மாப்ள," என்றார். "கூடத்துல பல்பு போச்சு. நீங்கதான் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து மாட்டினீங்க. நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன். புதிய பல்பு. எரிந்துகொண்டிருந்தது. கடைக்குப் போனது, எந்த வாட் என்று கேட்டிருக்க வேண்டுமே அது, சில்லறை வாங்கியது, நாற்காலியில் ஏறியது, எதுவும் எனக்கு நினைவில்லை. ஏறுவதற்குக் குனிந்து நிமிர்ந்திருப்பேன். பயப்பட்டேனா என்றும் தெரியவில்லை.

எந்த நாள் என்று கேட்டேன். மாமா யோசித்துச் சொன்னார். கடைசி நாள். கெடு முடிந்த அன்றைக்கு.

[இதை நான் கதைக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படித்தான் நினைக்க வேண்டும். என் இடத்தில் நீங்கள் எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.]

கடை எங்கள் தெரு முனையில். அதைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போனால் வக்கீல் அலுவலகம். கையில் சில்லறையோடு அந்த முனை வரை போயிருக்கிறேன். அன்றைக்கு அலுவலகம் திறந்திருந்தது.

அதோடு அந்த வாதம் போயிற்று. காகிதம் மாறவில்லை, சரி. ஆறு பத்தியும் காகிதத்திலிருந்து வரவில்லை, என்னிடமிருந்து வந்தவை. எனக்குள் ஈரத் துணி பெருகியிருக்கிறது. பல்பு செத்திருக்கிறது. வேறு என்னென்ன என்று சொல்ல முடியாது. என்னைச் சோதித்தால் ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும்.

மாமா மட்டும் ஒரு காரியம் செய்தார். நான்காவது பத்தியில் 'எழ இயலாத' என்பதற்கு முன்னால் ஒரு குறி போட்டு, மேலே சின்ன எழுத்தில் 'பெரும்பாலும்' என்று எழுதினார். லிஃப்ட் மெக்கானிக். எங்கே சிக்கிக்கொண்டாலும் முதலில் கதவைக் கொஞ்சமாவது திறக்கப் பார்ப்பார்.

8

முடிவுகள்.

(அ) தாமதம் மன்னிக்கப்படுகிறது. மனு உள்ளே போகிறது. ஒரு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து ஒரு நீதிபதி அந்த வரியை நீக்குகிறார். மாமாவும் நானும் படியிறங்கி வருகிறோம். மாமா ஏதாவது குடிக்கலாமா என்கிறார். குடிக்கிறோம். [இந்த முடிவை எழுத எனக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அதனால்தான் அதை நம்ப முடியவில்லை.]

(ஆ) நீதிபதி ஏழாவது பத்தி வரை படிக்கிறார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். காரணம் புரிகிறது, ஆனால் காரணத்துக்கெல்லாம் கெடு வளையுமானால் கெடு எதற்கு என்கிறார். ஏற்கவில்லை. அவருடைய குரலை எழுதும்போதெல்லாம் என் மனைவியின் குரலாக வருகிறது. மாற்றிப் பார்த்தேன், மூக்கு உறிஞ்சுகிறவராக, சாப்பாட்டுக்கு அவசரப்படுகிறவராக. எப்படி எழுதினாலும் கடைசியில் அவர் ஒரு மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டுத்தான் மனுவைத் தள்ளுகிறார்.

(இ) பாட்டில் வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். நான் தண்ணீர் கொடுக்கிறேன், அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொள்கிறார். அவர் சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும். சொன்னாங்க, வேற பிடிச்சிட்டு வரச் சொன்னாங்க. அவ்வளவுதான். நான்கு தடவை அவரை வாசல் வரை கொண்டுவந்துவிட்டேன். ஒரு தடவை சட்டை நனைந்து, ஒரு தடவை காய்ந்து. ஒவ்வொரு தடவையும் கூரையைப் பார்த்து, பல்பு புதுசா என்று கேட்கிறார். மேற்கொண்டு அவர் வாயைத் திறக்க வைக்க என்னால் முடியவில்லை. நான் படைத்த ஆளே எனக்குச் சாட்சி சொல்ல மறுக்கிறார்.

[உண்மையில் அவர் வந்தாராம். அவள் போன அன்று. எல்லாம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு. வண்டி ரிப்பேர் என்றாராம். மாமா நேற்றுதான் சொன்னார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க என்றார். இந்தத் தடவை நிஜமாகவே தூங்கினேனாம்.]

எந்த முடிவு என்று மாமாவிடம் கேட்டேன். பத்தி இருக்கட்டுமா, எடுக்கட்டுமா.

"அவ இருந்தா என்ன சொல்லுவான்னு யோசிக்கிறேன் மாமா."

மாமா பிரமாணப் பத்திரத்தின் நான்கு ஓரங்களையும் தட்டிச் சமமாக்கினார்.

"அவ இருந்தா தாமதமே ஆகியிருக்காது. அவளை இதுல இழுக்காதீங்க. தாமதம் நம்மளோடது. நீங்க சொல்லுங்க."

9

சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை முடிக்கிறேன். காலை. மாமா வலப்பக்கம். என் கையில் இரண்டு பிரதி. ஒன்றில் ஏழாவது பத்தி இருக்கிறது. இன்னொன்றில் ஆறுக்கு அடுத்தது எட்டு. குமாஸ்தா எண்ணை மாற்ற மறந்துவிட்டார், அல்லது வேண்டுமென்றே விட்டிருக்கிறார். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். இப்போது இல்லை.

உள்ளே அதிகாரி தலை நிமிராமல் கையை நீட்டுகிறார். எல்லாரிடமும் கேட்பதைக் கேட்கிறார். இதுல எழுதியிருக்கறதெல்லாம் உண்மைதானே.

நான் எந்தப் பிரதியை நீட்டுகிறேன் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அது விடையாகிவிடும், விடை பாட்டிலைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இதை உங்களிடம் தருகிறேன். முறைப்படி அட்டை கட்டியிருக்கிறேன்.

எடுத்த இடம்: எங்கள் வீடு, கூடம்.

எடுத்தவர்: கணவர்.

எடுத்த நேரம்: ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். பஞ்சர், வெயில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. கொட்டுவதாக இருந்தால் என் கண்ணெதிரிலேயே கொட்டுங்கள். அது அவளுடைய பழக்கம், அதில் அவமரியாதை இல்லை. ஒன்றே ஒன்று. போய் வேறு பிடித்துக்கொண்டு வா என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் குழாய் இப்போது இல்லை.

பெற்ற நேரம்:

இந்த வரியில் நான் கை வைக்கக் கூடாது.